நூற்றுக்கு ஒரு வட்டியில் வளரும் வானம்

"நூற்றுக்கு இரண்டு வட்டி" என்று ஒருவர் சொன்னால், "சரி, அது எத்தனை ரூபாய்?" என்று நாம் திருப்பிக் கேட்பதில்லை. அசல் தெரியாமல் அதற்குப் பதில் கிடையாது என்பது நமக்குத் தெரியும். ஆயிரம் ரூபாய்க்கு இருபது, லட்ச ரூபாய்க்கு இரண்டாயிரம். விகிதம் ஒன்றுதான், கைக்கு வரும் தொகைதான் வேறு.

பிரபஞ்சம் என்று வந்தவுடன் இந்த விவரத்தை எங்கோ கழற்றி வைத்துவிடுகிறோம். "பிரபஞ்சம் ஒளியைவிட வேகமாக விரிகிறது" என்ற வாக்கியம் எத்தனையோ கட்டுரைகளிலும் காணொளிகளிலும் சாவகாசமாக உலவுகிறது. ப்ளஸ் டூ படிக்கும் என் அக்கா மகள் அப்படி ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து கேட்டாள்: "ஒளியை எதுவும் மிஞ்ச முடியாது என்று பாடத்தில் இருக்கிறது. பிரபஞ்சம் மிஞ்சுகிறது என்று இதில் சொல்கிறார்கள். இரண்டில் ஒன்று பொய்தானே, மாமா?"

இரண்டில் எதுவும் பொய்யில்லை. ஆனால் இரண்டாவது வாக்கியம், அசலைச் சொல்லாமல் வட்டியை ரூபாயில் சொல்வதைப் போன்றது. அதைப் பிரித்துப் பார்ப்பதற்கு முன்னால், ஐன்ஸ்டீன் எதைத் தடுத்தார் என்று பார்த்துவிடலாம்.

## தடை எதற்கு?

வெற்றிடத்தில் ஒளி நொடிக்கு 2,99,792 கிலோமீட்டர் ஓடுகிறது. நிலவிலிருந்து நம்மிடம் வர ஒன்றேகால் நொடிக்குச் சற்று மேல். சூரியனிலிருந்து வர எட்டு நிமிடம் இருபது நொடி. ஓர் ஆண்டில் அது கடக்கும் தொலைவு, ஏறத்தாழ 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர். அதற்கு ஒளியாண்டு என்று பெயர். பெயரில் 'ஆண்டு' இருந்தாலும் அது தொலைவின் அளவு, காலத்தின் அளவு அன்று.

1905-இல் வெளியான சிறப்புச் சார்பியல் கோட்பாடு, நிறை உள்ள எந்தப் பொருளையும் இந்த வேகத்துக்குக் கொண்டுவர முடியாது என்கிறது. ஜெனீவாவுக்கு அருகே, பூமிக்கடியில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையத்தில் புரோட்டான்களை ஓட வைக்கிறார்கள். அங்கே ஒரு புரோட்டானுக்கும் ஒளிக்கும் உள்ள வேக வித்தியாசம் நொடிக்குச் சுமார் மூன்று மீட்டர். சைக்கிளில் மெதுவாகப் போகிற வேகம்தான் பாக்கி. அந்தச் சைக்கிள் வேகத்தை எட்டிப்பிடிக்க எவ்வளவு ஆற்றலை ஊட்டினாலும் போதாது. இன்னும் ஊட்டினால் இடைவெளி இன்னும் சுருங்கும். பூஜ்யம் மட்டும் ஆகாது.

2011 செப்டம்பரில் இந்தத் தடை உடைந்துவிட்டதாகவே உலகம் ஒரு கணம் நினைத்தது. ஜெனீவாவிலிருந்து 730 கிலோமீட்டர் தள்ளி, இத்தாலியின் கிரான் சாசோ மலைக்குள் இருக்கும் கருவிக்கு அனுப்பப்பட்ட நியூட்ரினோ துகள்கள், ஒளி வந்திருக்க வேண்டிய நேரத்துக்கு 60 நானோநொடி முன்னதாக வந்ததாகக் கணக்கு காட்டியது. ஒரு நானோநொடி என்பது நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு. மாதக்கணக்கில் துருவிப் பார்த்ததில், ஒரு ஒளியிழைக் கேபிள் சரியாகச் செருகப்படாமல் இருந்தது தெரிந்தது. கேபிளைச் சரிசெய்ததும் நியூட்ரினோவும் வரிசையில் வந்து நின்றது. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்தது, அந்தக் குழுவினர் வெற்றி முழக்கம் செய்யாமல், "எங்கே தவறு என்று கண்டுபிடிக்க உதவுங்கள்" என்ற பாணியில் தங்கள் முடிவை மற்றவர்கள் முன் வைத்ததுதான்.

இந்தத் தடையின் வாசகத்தைக் கவனியுங்கள். இரண்டு பொருள்கள் ஒரே இடத்தில், பக்கத்தில் பக்கத்தில் ஓடினால் எது எதை முந்தும் என்பதைப் பற்றியது அது. ஒளி என்னைக் கடந்து போகும். நான் ஒளியைக் கடந்து போக மாட்டேன். தொலைவில் இருக்கும் இரண்டு பொருள்களுக்கு நடுவே உள்ள இடமே வளர்ந்தால் என்ன ஆகும் என்பதைப் பற்றி 1905-ஆம் ஆண்டுக் கோட்பாடு பேசவில்லை. அதைப் பேசியது, இடம் என்பது வளையவும் நீளவும் கூடியது என்று காட்டிய 1915-ஆம் ஆண்டின் பொதுச் சார்பியல்.

ஆக, இதுவரை: தடை முந்துவதற்குத்தான். விலகுவதற்கு அந்தத் தடை பொருந்துமா என்பதுதான் இனிக் கேள்வி.

## எலாஸ்டிக்கும் பொத்தான்களும்

விரிவை விளக்க இந்த இடத்தில் எல்லோரும் பலூனை ஊதுவார்கள். பலூனுக்கு உள்ளே காற்றும் வெளியே அறையும் இருப்பதால், "பிரபஞ்சத்துக்கு வெளியே என்ன?" என்று பேச்சு திசைமாறிப் போய்விடும். அதனால் நான் தையல் பெட்டியைத் திறந்தேன்.

பாவாடை இடுப்பில் கோக்கிற எலாஸ்டிக் நாடாவில் ஒரு துண்டு. அதில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஒரு சட்டைப் பொத்தானைத் தைத்தோம். ஆறு பொத்தான்கள். நாடாவை மேசைமேல் வைத்து, இரு முனையையும் பிடித்து, நீளம் இரட்டிப்பாகும்வரை இழுத்தோம். முதல் பொத்தானிலிருந்து பார்த்தால், அடுத்த பொத்தான் ஓர் அங்குலத்திலிருந்து இரண்டு அங்குலத்துக்குப் போயிருந்தது, அதாவது ஓர் அங்குலம் விலகியது. கடைசிப் பொத்தான் ஐந்திலிருந்து பத்துக்குப் போயிருந்தது, அதாவது ஐந்து அங்குலம். நேரம் ஒன்றுதான், இழுத்த இழுப்பும் ஒன்றுதான். ஆனால் தள்ளியிருந்தது ஐந்து மடங்கு வேகத்தில் விலகிவிட்டது.

அக்கா மகள் நாடாவை ஒருமுறைக்கு இருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஆனால் எந்தப் பொத்தானும் நாடாவில் நகரவே இல்லையே, மாமா. தைத்த இடத்திலேயே இருக்கிறது."

விஷயமே அதுதான். பொத்தான்கள் ஓடவில்லை, நடுவில் இருக்கும் நாடா நீண்டது. நடுப் பொத்தானிலிருந்து பார்த்தாலும், கடைசிப் பொத்தானிலிருந்து பார்த்தாலும், மற்றவை தன்னைவிட்டு விலகுவதாகத்தான் தெரியும். மையம் என்று எந்தப் பொத்தானும் பட்டயம் கேட்க முடியாது.

இன்னொன்றும் பாருங்கள். நாடா நீண்டது, பொத்தான் நீளவில்லை. பிளாஸ்டிக் தன்னைத்தானே இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நம் உடலும் பூமியும் சூரியக் குடும்பமும் அப்படித்தான். பிரபஞ்சம் விரிகிறது என்பதற்காக உங்கள் வீட்டுக்கும் பஸ் நிலையத்துக்கும் உள்ள தூரம் கூடாது. கேலக்ஸி எனப்படும் விண்மீன் திரள்கூட, தன் ஈர்ப்பால் கட்டுண்டு கிடப்பதால், பொத்தானைப் போலவே நடந்துகொள்கிறது. நமது பால்வீதிக்கு அண்டை வீடான ஆண்ட்ரோமீடா, 25 லட்சம் ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. ஈர்ப்பு கை ஓங்கியதால் அது விலகாமல் நம்மை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. விரிவு ஆட்சி செய்வது, ஈர்ப்புக்கு எட்டாத பெரிய இடைவெளிகளில்தான்.

## வட்டி விகிதத்தைக் கண்டுபிடித்தவர்கள்

தூரத்துத் திரள் ஒன்று விலகுவது நமக்கு எப்படித் தெரியும்? ஒளியிலிருந்துதான். ஒளி ஓர் அலை. நாடாவில் பேனாவால் ஒரு நெளிகோடு வரைந்து இழுத்தால், நெளிவுகளுக்கு இடையிலான தூரமும் நீளும். அதுபோலவே, நீளும் இடத்தின் ஊடே வரும் ஒளியின் அலைநீளமும் நீண்டு, நிறமாலை எனப்படும் வண்ணப் பட்டையின் சிவப்புப் பக்கம் தள்ளிப்போகும். இதற்குச் செம்பெயர்ச்சி என்று பெயர். இடம் நீளாமல், பொருள் நகர்ந்தாலும் நிறமாலைக் கோடுகள் இடம் மாறும். ஆம்புலன்ஸ் நம்மைக் கடந்ததும் சைரன் ஒலி தணிகிறதே, அதற்கு உறவுக்காரன் அது. நம் கொடைக்கானல் ஆய்வகத்தில் 1909-இல் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளில் வாயு ஓடுவதைக் கண்டது இந்த இடமாற்றத்தை அளந்துதான்.

அமெரிக்காவில் வெஸ்டோ ஸ்லைஃபர் 1912 முதல் ஒவ்வொரு திரளாக அளந்தபோது, பெரும்பாலானவற்றின் ஒளி சிவப்புப் பக்கமே நகர்ந்திருந்தது. பெல்ஜியத்துப் பாதிரியார் ஜார்ஜ் லெமேத்ர், 1927-இல் பொதுச் சார்பியலையும் இந்த அளவுகளையும் சேர்த்து, பிரபஞ்சம் விரிகிறது என்று பிரெஞ்சு மொழியில் எழுதினார். அதைக் கவனித்தவர்கள் மிகக் குறைவு. கணக்கு சரி, இயற்பியல்தான் சகிக்கவில்லை என்ற தொனியில் ஐன்ஸ்டீன் தன்னிடம் பேசியதாக லெமேத்ரே பிற்பாடு நினைவுகூர்ந்திருக்கிறார். 1929-இல் எட்வின் ஹப்பிள், திரள்களின் தூரத்தையும் வேகத்தையும் பக்கத்தில் வைத்து, தூரம் இரட்டித்தால் வேகமும் இரட்டிக்கிறது என்று காட்டினார்.

ஹப்பிளுக்காக இரவிரவாகத் தொலைநோக்கியில் உட்கார்ந்து மங்கலான திரள்களின் நிறமாலையைப் பதிவுசெய்தவர் மில்டன் ஹியூமசன். பள்ளிப் படிப்பைப் பதினான்கு வயதில் விட்டவர். வானாய்வகம் இருந்த மவுண்ட் வில்சன் மலைக்குக் கோவேறு கழுதைகளில் சாமான் ஏற்றியவர். பிறகு அதே ஆய்வகத்தில் துப்புரவுப் பணியாளர். பாடப்புத்தகங்களில் அவர் பெயர் வருவதில்லை என்பதால் இங்கே சொல்லி வைக்கிறேன். லெமேத்ருக்கான நியாயமும் தாமதமாகத்தான் வந்தது: 2018-இல் சர்வதேச வானியல் சங்கம், இந்த விதியை ஹப்பிள்–லெமேத்ர் விதி என்று அழைக்கப் பரிந்துரைத்தது.

இப்போது வட்டிக்கு வருவோம். விதியில் இருக்கும் விகிதத்துக்கு ஹப்பிள் மாறிலி என்று பெயர். நூல்களில் அதை, 32.6 லட்சம் ஒளியாண்டு தூரத்துக்கு நொடிக்குச் சுமார் 70 கிலோமீட்டர் என்று எழுதுவார்கள். யாருக்கும் மனத்தில் நிற்காத எண். அதையே வட்டிக் கடை மொழியில் மாற்றினால் இப்படி வருகிறது: 14 கோடி ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்று. பெரிய இடைவெளி எதுவானாலும், 14 கோடி ஆண்டில் அதன் நூற்றில் ஒரு பங்கு கூடுகிறது. கந்துவட்டிக்காரர்கள் சிரிப்பார்கள், ஆனால் அசல் பிரபஞ்சத்தின் அளவு.

(இந்த எண்ணில் இன்றைக்கும் ஒரு வழக்கு நடக்கிறது. ஒரு முறையில் அளந்தால் 67, இன்னொரு முறையில் அளந்தால் 73. நம் கணக்குக்கு நடுவில் உள்ள 70 போதும்.)

கன்னி ராசித் திசையில் உள்ள பெரிய திரள் கூட்டம் சுமார் 5.4 கோடி ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. இந்த அசலுக்கு வட்டி, நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஒளியோடு ஒப்பிட்டால் அற்பம். இனி அசலைக் கூட்டுங்கள். 1,400 கோடி ஒளியாண்டு தொலைவில் ஒரு திரள் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நூற்றில் ஒரு பங்கு 14 கோடி ஒளியாண்டு. அது கூட ஆகும் காலம் 14 கோடி ஆண்டு. ஆண்டுக்கு ஓர் ஒளியாண்டு! அதாவது, சரியாக ஒளியின் வேகம். 1,400 கோடிக்கு அப்பால் உள்ள ஒவ்வொரு திரளும் நம்மிடமிருந்து ஒளியைவிட அதிக வேகத்தில் விலகுகிறது.

அங்கே ஏதோ விசேஷமான இயந்திரம் இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். அங்கேயும் அதே நூற்றுக்கு ஒரு வட்டி. அசல் பெரிது, அவ்வளவுதான். அந்தத் திரளில் இருப்பவர் தன் வீட்டு வாசலில் ஒரு விளக்கைக் கொளுத்தினால், அந்த ஒளி அவரை நொடிக்கு 2,99,792 கிலோமீட்டர் வேகத்தில் கடந்து போகும். அவர் எந்த ஒளியையும் முந்தவில்லை. அவருக்கு நாம்தான் ஒளியைவிட வேகமாக ஓடுகிறோம். நாமும் நம் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறோம்.

சுருக்கமாக: விரிவுக்கு வேகம் கிடையாது, விகிதம்தான் உண்டு. இரண்டு குறிப்பிட்ட திரள்களைச் சொன்னால்தான் அவற்றுக்கிடையே வேகம் பிறக்கும்.

## எறும்பு வந்து சேர்கிறது

அக்கா மகளின் அடுத்த கேள்வி என்னைச் சற்றே நிமிர்ந்து உட்கார வைத்தது. ஒளியைவிட வேகமாக விலகும் திரளின் ஒளி நம்மை எப்படி எட்டும்? எட்டாது என்றால் அப்படி ஒரு திரள் இருப்பது எப்படித் தெரியும்?

எட்டுகிறது. சப்தரிஷி மண்டலத் திசையில் ஜிஎன்-இசட்11 என்று ஒரு திரள் இருக்கிறது. அதன் ஒளி 1,340 கோடி ஆண்டு பயணம் செய்து வந்திருக்கிறது. இன்று அந்தத் திரள் இருக்கும் தொலைவு சுமார் 3,200 கோடி ஒளியாண்டு. நம் வட்டிக் கணக்கில், ஒளியைப்போல் இரண்டேகால் மடங்குக்கு மேல் வேகம். ஒளி புறப்பட்ட அன்றைக்கும் அது விலகிய வேகம், ஒளியைப்போல் நான்கு மடங்குக்கு மேல். ஆனாலும் அதன் படம் நம்மிடம் இருக்கிறது.

எப்படி என்று அறிய, எவ்வளவு இழுத்தாலும் அறுந்துபோகாத ஒரு கற்பனை நாடாவை எடுத்துக்கொள்வோம். பத்து சென்டிமீட்டர் நீளம். ஒரு முனை என் விரலில். மறுமுனையை நொடிக்கு 2 சென்டிமீட்டர் வேகத்தில் இழுத்துக்கொண்டே போகிறார்கள். அந்த மறுமுனையிலிருந்து ஓர் எறும்பு, நாடாமேல் நொடிக்கு 1 சென்டிமீட்டர் வேகத்தில் என்னை நோக்கி நடக்கிறது. எறும்பைவிட இழுப்பு இரு மடங்கு வேகம். பார்த்தால், பாவம், ஒருநாளும் வராது என்றுதான் தோன்றும்.

முதல் எட்டரை நொடிகளில் அது விலகித்தான் போகிறது. பத்து சென்டிமீட்டரில் கிளம்பியது பதின்மூன்றரையைத் தாண்டிவிடுகிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நாடாவில் எத்தனை பங்கைக் கடந்தது என்ற கணக்கில் எறும்பு ஒருபோதும் பின்னடைவதில்லை. கால் பங்கைக் கடந்திருந்தால், நாடா எவ்வளவு நீண்டாலும் அது கடந்த கால் பங்குதான். பின்னால் விட்டுவந்த நாடாவும் சேர்ந்தே நீள்கிறது. ஒவ்வோர் அடியும் லாபம். பாதியைக் கடந்ததும், எறும்பு நிற்கும் இடத்து நாடா என்னிடமிருந்து விலகும் வேகம் எறும்பின் நடையைவிடக் குறைந்துபோகிறது. அதன் பிறகு கிட்டே வரத் தொடங்கி, முப்பத்திரண்டாவது நொடியில் என் விரலைத் தொடுகிறது. நாடா நீளாமல் இருந்தால் பத்து நொடியில் வந்திருக்கும்.

இங்கே இழுக்கும் வேகம் மாறவில்லை. ஆனால் வட்டி விகிதம் குறைந்துகொண்டே வந்தது. தொடக்கத்தில் பத்துக்கு இரண்டு, அதாவது நொடிக்கு நூற்றுக்கு இருபது. முடிவில் நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. பிரபஞ்சத்திலும் அதுவே நடந்தது. ஜிஎன்-இசட்11-இன் ஒளி கிளம்பிய காலத்தில், விரிவு விகிதம் இன்றைப்போல் சுமார் இருபது மடங்கு. விகிதம் சரியச் சரிய, ஒளியின் வேகத்தில் விலகும் எல்லைக்கோடு வெளிப்பக்கமாக நகர்ந்து, தத்தளித்துக்கொண்டிருந்த ஒளியைத் தாண்டிப் போனது. அதன் பிறகு ஒளி நம் பக்கம் நெருங்கத் தொடங்கியது. கிளம்பும்போது இருந்த தூரம் சுமார் 270 கோடி ஒளியாண்டு. வந்து சேர எடுத்த காலம் 1,340 கோடி ஆண்டு. வழியில் அலைநீளம் பதினொன்றரை மடங்குக்கு மேல் நீண்டதால், புற ஊதாவாகக் கிளம்பியது அகச்சிவப்பாக வந்து இறங்கியது.

பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி ஆண்டு, அப்படியிருக்க நாம் காணக்கூடிய பிரபஞ்சத்தின் எல்லை எப்படி 4,600 கோடி ஒளியாண்டு ஆகும் என்று குழம்புகிறவர்களுக்கும் இதே எறும்புதான் பதில். ஒளி கடந்த பாதை, அது கடந்த பிறகும் நீண்டுகொண்டே இருந்தது.

## அப்படியானால் விண்கலம்?

இடம் நீளும்போது தடை குறுக்கே வரவில்லை என்றால், அதையே வாகனமாக்கினால் என்ன? 1994-இல் மெக்சிகோ இயற்பியலாளர் மிகேல் அல்குபியெரே கணக்குப் போட்டுப் பார்த்தார். கலத்துக்கு முன்னால் இடத்தைச் சுருக்கி, பின்னால் விரித்தால், கலம் தன் இடத்தில் அசையாமலேயே ஒளியைவிட முன்னதாகப் போய்ச் சேரலாம். பொதுச் சார்பியல் இதை மறுக்கவில்லை. ஆனால் அதற்கு எதிர்மறை ஆற்றல் வேண்டும், அதுவும் மலைமலையாக. அப்படி ஒரு சரக்கை யாரும் கடையில் பார்த்ததில்லை. இப்போதைக்கு நம் கையில் இருப்பது நொடிக்கு 17 கிலோமீட்டர் போகும் வாயேஜர் 1 விண்கலம். மிக அருகிலுள்ள விண்மீனின் தூரத்தைக் கடக்க அதற்கு எழுபதாயிரம் ஆண்டுக்கு மேல் ஆகும்.

## கூட்டு வட்டி

எறும்புக் கதையில் ஒரு திருத்தம் பாக்கி இருக்கிறது. 1998-இல் இரண்டு குழுக்கள், வெடித்துச் சிதறும் விண்மீன்களைத் தூர அளவுகோலாக வைத்து அளந்தபோது, திரள்கள் விலகும் வேகம் காலப்போக்கில் கூடிக்கொண்டிருப்பது தெரியவந்தது. 2011-இல் இதற்கு நோபல் பரிசு. விகிதம் குறைகிறது என்று இப்போதுதானே சொன்னோம், பிறகு எப்படி வேகம் கூடும்? இங்கேயும் வட்டிதான் கைகொடுக்கிறது. விகிதம் சரிந்தது உண்மை; ஆனால் அந்தச் சரிவு இப்போது மெல்லத் தேய்ந்து, ஒரு நிலையான விகிதத்தை நோக்கிப் போகிறது. விகிதம் கிட்டத்தட்ட நிலைத்துவிட்டால், அசலோ வளர்ந்துகொண்டே இருக்கும். ஒவ்வோர் ஆண்டின் வட்டியும் முந்தைய ஆண்டைவிடப் பெரிதாக இருக்கும். கூட்டு வட்டி.

நம் எறும்புக்கு இது கெட்ட செய்தி. அதே நாடாவை, விகிதம் குறையாமல் நொடிக்கு நூற்றுக்கு இருபது என்றே இழுத்துக்கொண்டிருந்தால், பத்து சென்டிமீட்டரில் கிளம்பிய எறும்பு என் விரலை ஒருபோதும் தொடாது. கணக்குப் போட்டால், எல்லைக்கோடு ஐந்து சென்டிமீட்டரில் வருகிறது. அதற்கு உள்ளே கிளம்பினால் சேரும். அப்பால் கிளம்பினால் கிடையாது.

நம் பிரபஞ்சத்துக்கும் அப்படி ஒரு கோடு உண்டு. இன்றைய அளவுகளின்படி அது ஏறத்தாழ 1,600 கோடி ஒளியாண்டில் இருக்கிறது. ஜிஎன்-இசட்11 அதற்கு இரு மடங்கு தொலைவில் இருக்கிறது. அது இளமையில் அனுப்பிய ஒளி இன்னும் வந்துகொண்டிருக்கும், மேலும் மேலும் சிவந்து, மேலும் மேலும் மங்கி. ஆனால் அந்தத் திரளில் இன்று ஒரு புதிய விண்மீன் பற்றிக்கொண்டால், அதன் ஒளியும் நொடிக்கு 2,99,792 கிலோமீட்டர் வேகத்தில் நம் திசையில் கிளம்பும், ஓர் அடிகூட நிற்காமல் நடக்கும், இங்கே வந்து சேராது.

அக்கா மகள் நாடாவிலிருந்து பொத்தான்களைப் பிரித்து, திரும்பத் தையல் பெட்டியில் போட்டாள். ஒன்றை மட்டும் பிரிக்காமல் விட்டிருந்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.